குழந்தைகள் ஐ.சி.யூ.வில் டெலிரியம்: புதிதாக டியூட்டிக்கு வருபவர்களுக்கு

குழந்தைகள் ஐ.சி.யூ.வில் ஷிஃப்ட் முடியும்போது கேஸ் ஷீட்டில் அதிகம் எழுதப்படும் வரி, "குழந்தை அமைதியாக இருக்கிறது." நாலைந்து நாளாக வென்டிலேட்டரில் கிடக்கும் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பற்றி இப்படி எழுதியிருந்தால் அதை நம்பாதீர்கள். அழாமல், குழாயைப் பிடுங்காமல், ஊசி குத்தினாலும் பெரிதாக முகம் சுளிக்காமல் இருக்கும் குழந்தை டியூட்டி பார்ப்பவர்களுக்கு வசதி. டெலிரியம் அதிகமாகத் தப்பிப்போவதும் அந்தக் குழந்தைகளிடம்தான்.

டெலிரியம் என்பது மூளை திடீரென்று தடுமாறும் நிலை. கவனம் நிற்காது, சுற்றி நடப்பது புரியாது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தொடங்கும். காலையில் ஒரு மாதிரி, ராத்திரியில் வேறு மாதிரி என்று ஏறி இறங்கும். காரணம் எப்போதும் உடலில்தான்: நோய், மருந்து, அல்லது ஐ.சி.யூ.வில் நாமே செய்கிற காரியங்கள். 2017இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு 25 குழந்தைகள் ஐ.சி.யூ.க்களில் 835 குழந்தைகளைப் பார்த்தது. நால்வரில் ஒருவருக்கு டெலிரியம் இருந்தது. 2 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், வென்டிலேட்டரில் இருப்பவர்கள், கை கட்டப்பட்டவர்கள், மிடாசோலம் போன்ற பென்சோடயசிபின் வகை மயக்க மருந்துகள் ஓடுபவர்கள், ஆறு நாளோ அதற்கு மேலோ தங்கியவர்கள் ஆகியோரிடம் விகிதம் இன்னும் கூடுதல். உங்கள் வார்டில் எட்டு படுக்கை நிரம்பியிருந்து யாருக்குமே டெலிரியம் இல்லை என்றால், பெரும்பாலும் யாரும் தேடவில்லை என்றுதான் அர்த்தம்.

இது மூன்று விதமாக வரும். கையை காலை உதறி, ட்யூபை இழுத்து, யார் தூக்கினாலும் அடங்காமல் கத்தும் வகை ஒன்று. இதை யாரும் தவறவிட மாட்டார்கள். இரண்டாவது, விழித்திருந்தும் அசைவில்லாமல், எதிலும் நாட்டமில்லாமல் கிடக்கும் மந்த வகை. மூன்றாவது இரண்டும் மாறி மாறி வரும் கலப்பு வகை. சின்னக் குழந்தைகளிடம் பின்னால் சொன்ன இரண்டும்தான் அதிகம்.

கண்ணில் ஆரம்பியுங்கள்

மானிட்டரைப் பார்ப்பதற்கு முன் குழந்தையின் முகத்துக்கு நேராக, ஒரு முழம் தள்ளிக் குனியுங்கள். மாஸ்க் போட்டிருந்தால், நோய்த்தொற்றுத் தடுப்பு இடம் கொடுக்கிற அளவில் ஒரு கணம் இறக்கிக் காட்டுங்கள். கைக்குழந்தைக்குப் பாதி முகம் முகமே அல்ல. வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கேஸ் ஷீட்டில் இருக்கும் பெயர் பல குழந்தைகளுக்குத் தெரியவே தெரியாது. பாப்பு, தங்கம், குட்டி என்று எதற்குத் திரும்பும் என்று அம்மாவிடம் கேட்டு, கட்டிலின் தலைமாட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பத்து எண்ணுவதற்குள் கண் உங்கள் முகத்துக்கு வருகிறதா? வந்தால் நிற்கிறதா? நீங்கள் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தால் கூடவே வருகிறதா? டெலிரியத்தில் கண் திறந்திருக்கும், இமைக்கும். ஆனால் உங்களைத் தாண்டி மேலே ஏசி துவாரத்தில் போய் நிற்கும். அல்லது எதிலும் நிற்காமல் அலையும். அப்புறம் விரல்களைப் பாருங்கள். போர்வையின் ஓரத்தையோ ப்ளாஸ்டரையோ திரும்பத் திரும்பக் கிள்ளிக்கொண்டிருக்கலாம். ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ பிடிக்கப் போகலாம். அடுத்து அம்மாவைக் கூப்பிடுங்கள். அம்மா குரல் கேட்டதும் இதயத் துடிப்பு மாறி, தலை திரும்பி, முகம் கோணி அழ ஆரம்பித்தால் அது நல்ல அறிகுறி. அம்மா வந்ததும் போனதும் ஒன்றாக இருந்தால் கவலைப்பட வேண்டும்.

"இது என் புள்ள மாதிரியே இல்ல சிஸ்டர்" என்று ஓர் அம்மா சொன்னால் அதை அப்படியே, அவர் சொன்ன சொற்களிலேயே நோட்ஸில் எழுதுங்கள். ஐந்து நாளாக மட்டும் குழந்தையைப் பார்க்கும் நமக்கு அதன் இயல்பு தெரியாது. பாட்டி "பயந்திருக்கு, மந்திரிக்கணும்" என்று சொல்வதும் பல நேரம் அதே செய்திதான். சிரித்துத் தள்ளாமல், என்ன மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து என்று கேளுங்கள்.

மதிப்பெண் போடுவது எப்படி

கண்ணால் பார்த்தது போதாது. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஒப்பிட எண் வேண்டும். பிறந்த குழந்தையிலிருந்து 21 வயது வரை பயன்படுவது கார்னெல் அளவுகோல். நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் குழு உருவாக்கி 2014இல் சரிபார்த்து வெளியிட்டது. 6 மாதம் முதல் 5 வயது வரையிலானவர்களுக்கு வான்டர்பில்ட் குழுவின் பி.எஸ்.கேம் ஐ.சி.யூ. என்ற முறையும் இருக்கிறது. அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த இரண்டில் ஒன்றைக் கொண்டு தவறாமல் பரிசோதிக்கச் சொல்கிறது. புதியவர்களுக்குக் கார்னெல் போதும். குழந்தையைச் சோதித்துப் படுத்த வேண்டியதில்லை. ஷிஃப்ட் முழுக்கப் பார்த்ததை வைத்து, முடியும் நேரத்தில் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடலாம்.

முதலில் மயக்க நிலையைப் பாருங்கள். மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் ராஸ் அளவில் மைனஸ் 4 அல்லது மைனஸ் 5, அதாவது குரலுக்கு அசைவே இல்லை என்றால் டெலிரியம் மதிப்பெண் போட முடியாது. 'மதிப்பிட இயலவில்லை' என்று எழுதிவிட்டு, இவ்வளவு மயக்கம் இந்தக் குழந்தைக்குத் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். மைனஸ் 3 அல்லது அதற்கு மேல் என்றால் தொடரலாம்.

கேள்விகள் எட்டு. முதல் நான்கு:

1. கவனித்துக்கொள்பவரின் கண்ணைப் பார்க்கிறதா?
2. செய்கைகளில் நோக்கம் தெரிகிறதா?
3. சுற்றி நடப்பதை உணர்கிறதா?
4. தனக்கு வேண்டியதைத் தெரிவிக்கிறதா?

இவற்றுக்கு 'எப்போதும்' என்றால் 0, 'அடிக்கடி' 1, 'சில நேரம்' 2, 'அரிதாக' 3, 'ஒருபோதும் இல்லை' 4.

அடுத்த நான்கு:

5. நிலைகொள்ளாமல் இருக்கிறதா?
6. எப்படித் தேற்றினாலும் அடங்காமல் இருக்கிறதா?
7. விழித்திருக்கும்போது அசைவு மிகக் குறைவா?
8. நாம் பேசினால், தொட்டால் பதில் வர வெகுநேரம் ஆகிறதா?

இங்கே எண் தலைகீழ்: 'ஒருபோதும் இல்லை' 0, 'எப்போதும்' 4. புதியவர்கள் தவறு செய்யும் இடம் இதுதான். நான்காவது கேள்விக்குப் பிறகு ஒரு கோடு போட்டுப் படிவத்தை அச்சடித்தால் பாதித் தவறு குறையும். மொத்தம் 32க்கு. 9 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியம் என்று எடுத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 14 மாதக் குழந்தை, நிமோனியா, வென்டிலேட்டரில் ஆறாம் நாள், மிடாசோலமும் வலிக்கான ஃபென்டனிலும் ஓடுகின்றன. பகல் ஷிஃப்டில் கண் திறந்திருந்தது, ஆனால் அரிதாகத்தான் முகம் பார்த்தது: 3. கையில் கிலுகிலுப்பை கொடுத்தால் சில நேரம் பிடித்தது: 2. அம்மா வந்ததை அரிதாகத்தான் கண்டுகொண்டது: 3. ட்யூப் இருப்பதால் குரல் வராது. கை நீட்டுவதையும் முகத்தைச் சுருக்குவதையும் பேச்சாக எடுத்துக்கொண்டாலும் அரிதுதான்: 3. நிலைகொள்ளாமை அரிது: 1. தேற்ற முடியாத அழுகை அரிது: 1. விழித்திருந்தபோது பெரும்பாலும் அசைவில்லை: 3. சக்‌ஷன் போட்டால்கூடத் தாமதமாகத்தான் முகம் சுளித்தது, அதுவும் அடிக்கடி: 3. கூட்டினால் 19. இந்தக் குழந்தை அன்று முழுக்க யாரையும் தொந்தரவு செய்யவில்லை. கேஸ் ஷீட்டில் 'அமைதி' என்று போயிருக்கும்.

வயதை மறந்து மதிப்பெண் போட்டால் எண் பொய் சொல்லும். பிறந்த சில நாளில் முகத்தில் சற்று நேரம் பார்வை நின்றாலே போதும். பசித்தால் அழுவதுதான் அதன் பேச்சு. எட்டு வாரத்தில் நகரும் முகத்தை நடுக்கோடு தாண்டித் தொடர வேண்டும், தலையாட்டிப் பேசினால் முகம் மலர வேண்டும். ஏழு மாதத்தில் அம்மாவை மற்றவர்களிடமிருந்து பிரித்தறிந்து அம்மாவிடம்தான் போக நினைக்கும், பொருளை நேராகக் கை நீட்டிப் பிடிக்கும். ஒரு வயதில் எழ முயலும், அம்மா நகர்ந்தால் அழும், தன் போர்வையோ பொம்மையோ கிடைத்தால் அடங்கும். இரண்டு வயதில் மூன்று நான்கு சொல் சேர்த்துப் பேசும். பேச முடியாத நிலையில் சைகை காட்டும். இந்த வயது வரையறைகளை ஒரு பக்கத்தில் அடித்துப் படிவத்தின் பின்னாலேயே ஒட்டி வையுங்கள்.

பிறவியிலேயே வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளுக்கு 9 என்ற எல்லை சரிப்படாது. டெலிரியம் இல்லாமலே அவர்கள் அதைத் தாண்டிவிடுவார்கள். நோய் வருவதற்கு முன் எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்டு, அதே எட்டுக் கேள்விக்கும் அப்போதைய மதிப்பெண்ணைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கணக்கு.

டெலிரியம் மாதிரி தெரிபவை

வலி. வலியை அளக்கும் ஃப்ளாக் அளவுகோலில் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதலில் வலிக்குக் கொடுங்கள். அரை மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். வலி போனதும் கண் உங்களைத் தேடி வந்தால் அது வலிதான். பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 6 மணிக்கு ஒருமுறை நேரம் தவறாமல் கொடுத்தாலே (கல்லீரல் நன்றாக இருந்தால்) மார்ஃபின், ஃபென்டனில் தேவை குறையும்.

மருந்து நிறுத்தியதால் வரும் விலகல். ஐந்து நாளுக்கு மேல் ஓடிய மிடாசோலத்தையோ ஃபென்டனிலையோ சட்டென்று குறைத்தால் கொட்டாவி, தும்மல், வியர்வை, பேதி, வாந்தி, நடுக்கம் வரும். விலகலை அளக்கும் வாட்-1 அளவுகோலில் 12க்கு 3 அல்லது அதற்கு மேல் என்றால் விலகல். அதற்கு மருந்து, நிறுத்தியதைக் கொஞ்சம் திரும்பக் கொடுத்து, நாளுக்கு 10 முதல் 20 சதவீதம் வீதம் மெல்ல இறக்குவது. விலகலும் டெலிரியமும் ஒரே குழந்தைக்கு ஒரே நாளில் இருக்கலாம் என்பதால் இரண்டு அளவுகோலையும் போடுங்கள். அடுத்தடுத்துப் போட்டால் எது ஏறுகிறது என்று தெரியும்.

வெளியே தெரியாத வலிப்பு. வெறித்த பார்வை, வாய் மட்டும் அசைபோடுவது, ஒரு கட்டைவிரல் மட்டும் துடிப்பது, விட்டு விட்டு இதயத் துடிப்பு ஏறுவது இருந்தால் மூளையின் மின்னலைகளைப் பார்க்கும் இ.இ.ஜி. கேளுங்கள். மூளைக்காய்ச்சல், தலைக்குள் அழுத்தம் ஆகியவற்றையும் மனதில் வைக்க வேண்டும். கண்மணி இரண்டும் ஒரே அளவு இல்லை, துடிப்பு குறைந்து பி.பி. ஏறுகிறது, வாந்தி என்றால் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சர்ஜரி முடிந்து மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் அரை மணி, முக்கால் மணி நேரம் கண்மண் தெரியாமல் கத்துவார்கள். அது பெரும்பாலும் தானே அடங்கும். இங்கே சொல்லும் நெடுநாள் டெலிரியத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காரணத்தைத் தேடுவது

டெலிரியம் என்று தெரிந்ததும் பலருக்குக் கை மிடாசோலம் பக்கம் போகும். அதை அடக்குங்கள். கத்தும் குழந்தை அடங்கிவிடும். டெலிரியம் நாளைக்கு இன்னும் மோசமாக வரும். காய்ச்சலுக்குக் காரணம் தேடுவது போல இதற்கும் காரணம் தேட வேண்டும்.

முதல் பத்து நிமிடத்தில் கட்டிலை விட்டு நகராமலே பார்க்க வேண்டியவை: ஆக்சிஜன் அளவு, ட்யூப் உதட்டருகே எந்தச் சென்டிமீட்டரில் நிற்கிறது, நெஞ்சு இரு பக்கமும் ஏறுகிறதா, சர்க்கரை. சர்க்கரை 54க்குக் கீழ் இருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மி.லி. வேண்டும், டாக்டருக்குச் சொல்லிவிட்டே ஏற்றத் தயாராகுங்கள். 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். காய்ச்சல், பி.பி., கை கால் குளிர்ச்சி. அடுத்து வயிற்றைத் தொடுங்கள். அடிவயிறு கெட்டியாக எழும்பியிருந்தால் சிறுநீர் தேங்கியிருக்கிறது. எத்தனை நாளாக மலம் போகவில்லை என்று பாருங்கள். ஃபென்டனில் ஓடும் குழந்தைக்கு நான்கு நாள் ஆகியிருக்கும், யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். டயப்பரைத் திறந்து பாருங்கள். பி.பி. கஃப் கையை இறுக்குகிறதா, சாச்சுரேஷன் புரோப் ஒரே விரலில் எத்தனை மணி நேரமாக இருக்கிறது, முதுகுக்கு அடியில் ஊசி மூடி ஏதாவது கிடக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். கிடக்கும்.

ஒரு மணி நேரத்துக்குள் ரத்த வாயு, சோடியம், கால்சியம், யூரியா, கிரியாட்டினின், ஹீமோகுளோபின். கல்லீரல் கோளாறு சந்தேகம் என்றால் அமோனியா. புதிதாக காய்ச்சல் ஏறியிருந்தால் கல்ச்சர். டெங்கு, உண்ணிக் காய்ச்சல் காலத்தில் வரும் குழந்தைகளுக்கு மூளையே பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதை டாக்டர் கணக்கில் எடுப்பார்.

மருந்துச் சீட்டை வரி வரியாக

இங்கே நிதானமாக நேரம் செலவிடுங்கள். பெரும்பாலும் குற்றவாளி இந்தத் தாளில்தான் இருக்கும்.

மிடாசோலம், லோராசெபாம், டயசெபாம் முதல் சந்தேகம். தொடர்ந்து ஓடும் இன்ஃப்யூஷனாக வேண்டுமா, தேவைப்படும்போது மட்டும் போதுமா, பதிலாக டெக்ஸ்மெடிடோமிடின் முடியுமா என்று ரவுண்ட்ஸில் கேட்க வேண்டும். டெக்ஸ்மெடிடோமிடின் வழக்கமாக மணிக்குக் கிலோவுக்கு 0.2 முதல் 0.7 மைக்ரோகிராம் அளவில் தொடங்கி ஏற்றப்படும். தூக்கம் இயற்கையானதற்குச் சற்று நெருங்கியிருக்கும், மூச்சை அவ்வளவாக அடக்காது. ஆனால் துடிப்பும் பி.பி.யும் இறங்கும். தொடக்கத்தில் மொத்தமாகக் கொடுக்கும் லோடிங் டோஸை வேகமாக விட்டால் துடிப்பு இறங்குவது கண்முன்னே தெரியும், அதனால் பல இடங்களில் லோடிங் கொடுப்பதே இல்லை.

அடுத்தது நாம் கண்டுகொள்ளாத கூட்டம். ரத்தம் ஏற்றுவதற்கு முன் ஓர் அவில், அரிப்புக்கு ஓர் அவில், தூங்கட்டும் என்று பெனர்கன். நம் வார்டுகளில் கேட்காமலே போடப்படும் இந்த ஒவ்வாமை மருந்துகள் மூளை நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படும் அசெட்டைல்கோலினைத் தடுப்பவை. சின்ன மூளைக்கு அதுவே போதும். எச்சில் வற்ற அட்ரோபின் கொடுத்துக்கொண்டிருந்தால் கிளைகோபைரோலேட்டுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். அது மூளைக்குள் அதிகம் போகாது. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் சில குழந்தைகளைக் குலைக்கும். சிறுநீரகம் கெட்டிருக்கும்போது செஃபெபைம், அசைக்ளோவிர் இரண்டும் உடலில் தேங்கிப் போய் மூளையைத் தாக்கும். டோஸ் குறைத்தார்களா என்று பாருங்கள். கீட்டமைனும் பட்டியலில் உண்டு.

மிடாசோலம் கூடாது என்பதற்கு விதிவிலக்குகள் இருக்கின்றன. வலிப்பு. பென்சோடயசிபின் விலகல். அப்புறம் ஊமத்தை. விளையாட்டாக ஊமத்தங்காயைக் கடித்துவிட்டு வரும் குழந்தை உடம்பு சுட்டு, தோல் காய்ந்து, கண்மணி விரிந்து, காற்றில் எதையோ பொறுக்கிக்கொண்டு, சிறுநீர் போகாமல் இருக்கும். அங்கே கலக்கத்தை அடக்கப் பென்சோடயசிபின்தான் கை கொடுக்கும், ஹாலோபெரிடால் என்ற மனநல மருந்து கூடாது. பூச்சிமருந்து விஷத்துக்கு அட்ரோபின் ஓடும் குழந்தைக்கும் இதே படம் வரலாம்: காய்ச்சல், வயிற்றில் ஓசை இல்லை, பிதற்றல் மூன்றும் சேர்ந்தால் அட்ரோபின் கூடிவிட்டது. உடனே டாக்டரிடம் சொல்லி இன்ஃப்யூஷனை நிறுத்த வேண்டும்.

ராத்திரியைத் திருப்பித் தருவது

காரணத்தைச் சரிசெய்வதோடு சேர்ந்து, உண்மையில் வேலை செய்வது இந்தப் பகுதிதான். செலவில்லாதது என்பதால் யாரும் மதிப்பதில்லை.

இரவு 9 மணிக்குக் குழந்தையின் கட்டில் மேலிருக்கும் விளக்கை அணையுங்கள். எல்லா விளக்கையும் அணைக்க முடியாது என்றால் அந்தக் கட்டிலுக்கு மட்டும் தலைப்பக்கம் திரை. காலை 6 மணிக்கு ஜன்னல் திரையை விலக்குங்கள். ஜன்னலே இல்லாத ஐ.சி.யூ. என்றால் பகலில் முழு வெளிச்சம். ராத்திரி வேலைகளைச் சேர்த்துச் செய்யுங்கள்: டயப்பர், சக்‌ஷன், மருந்து, புரட்டிப் போடுவது எல்லாம் ஒரே சமயத்தில், பிறகு குழந்தையின் நிலை இடம் கொடுத்தால் மூன்று நான்கு மணி நேரம் தொடாமல் விடுங்கள். விடியற்காலை 4 மணிக்குக் குளிப்பாட்டித் துணி மாற்றும் பழக்கம் பல வார்டில் இருக்கிறது, பகல் ஷிஃப்டுக்கு 'சுத்தமான' குழந்தையை ஒப்படைக்கவாம். தூக்கம் கெடுவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. ரத்தம் எடுப்பதை 6 மணிக்குத் தள்ளலாமா, சிறுநீரை அதிகமாக்கும் ஃப்ரூஸமைடின் இரவு 10 மணி டோஸை மாலை 6க்கு மாற்றலாமா என்று கேட்டுப் பாருங்கள். அலாரம் எல்லையைக் குழந்தையின் வயதுக்கு ஏற்ப வைத்தாலே தேவையில்லாத கூவல் பாதி அடங்கும்.

மெலட்டோனின் சில இடங்களில் கொடுக்கிறார்கள். பெரிய தீங்கில்லை, ஆனால் விளக்கை எரியவிட்டுக்கொண்டு மெலட்டோனின் கொடுப்பதில் அர்த்தமில்லை.

கண்ணாடி போடும் குழந்தைக்குக் கண்ணாடி, காது மெஷின் போடும் குழந்தைக்குக் காது மெஷின். வீட்டுப் போர்வை ஒன்று, துவைத்து. அம்மா அப்பா முறை வைத்து எந்நேரமும் பக்கத்தில். பார்வை நேரம் மாலை 4 முதல் 5 மட்டும் என்று இருக்கும் வார்டில் டெலிரியம் குழந்தைக்கு விலக்கு வாங்குவது உங்கள் வேலை. நோட்ஸில் 'சிகிச்சையின் பகுதியாக' என்று எழுதினால் எளிதாகக் கிடைக்கும். அம்மாவிடம் செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: முகத்துக்கு நேராக வந்து, மெதுவாக, ஒரே வாக்கியத்தை. "அம்மா இங்கதான் இருக்கேன் தங்கம், ஆஸ்பத்திரியில இருக்கோம், மூச்சுக்குக் குழாய் வச்சிருக்காங்க." நாலு பேர் சுற்றி நின்று ஒரே நேரத்தில் கூப்பிடுவதும், போனில் கார்ட்டூனைச் சத்தமாக ஓடவிடுவதும் கூடாது.

கையைக் கட்டுவது கடைசி வழி. கட்டினால் கலக்கம் கூடும், கூடினால் மயக்க மருந்து கூடும், அதனால் டெலிரியம் கூடும். முதலில் ட்யூப் ப்ளாஸ்டர் நனைந்து தளர்ந்திருக்கிறதா பாருங்கள். விரல்களுக்குப் பருத்திச் சாக்ஸ், முழங்கை மடங்காமல் மென்மையான ஸ்ப்ளின்ட், மூக்குக் குழாயைக் கன்னத்தில் ஒட்டிக் காதுக்குப் பின்னால் கொண்டுபோவது ஆகியவை பெரும்பாலும் போதும். கட்டியே ஆக வேண்டும் என்றால் ஒரு மணிக்கு ஒருமுறை விரல் நிறம் பார்த்து, இரண்டு மணிக்கு ஒருமுறை அவிழ்த்துக் கையை ஆட்டிவிட வேண்டும்.

மடியில் வைப்பதைப் பற்றிச் சற்று விரிவாக. வென்டிலேட்டரில் இருந்தாலும், பி.பி. நிலையாக இருந்து ஆக்சிஜன் தேவை அதிகமில்லை என்றால் அம்மா மடிக்குக் கொண்டுபோகலாம். டாக்டர் அனுமதி வாங்குங்கள். மூன்று பேர் வேண்டும். சக்‌ஷன் போடுங்கள், ட்யூபின் சென்டிமீட்டர் குறியை எழுதுங்கள், ட்யூபில் காற்றுக் கஃப் இருந்தால் அதன் அழுத்தம் 20 முதல் 25 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்கிறதா பாருங்கள். ஊட்டுவதை அரை மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியை வென்டிலேட்டர் பக்கமே போடுங்கள், எதிர்ப்பக்கம் போட்டால் ட்யூபிங் எட்டாது. அம்மா முதலில் உட்காரட்டும், மடியில் தலையணை. லைன்களை எல்லாம் ஒரே பக்கம் சேர்த்து ஒருவர் பிடிக்க வேண்டும். ஒருவர் குழந்தையைத் தூக்க. தலையும் ட்யூபும் மூன்றாமவர் கையில் மட்டும், அவர்தான் எண்ணிச் சொல்வார். கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பை கைக்கெட்டும் தூரத்தில். உட்கார்ந்ததும் நெஞ்சு ஏறுகிறதா, குறி அதேதானா என்று பார்த்துவிட்டு வென்டிலேட்டர் ட்யூபிங்கை அம்மாவின் தோளில் துணி போட்டு அதன்மேல் வையுங்கள், எடை ட்யூபை இழுக்காது. முதல் நாள் இருபது நிமிடம் போதும்.

மனநல மருந்துகள் எப்போது

மேலே சொன்ன எல்லாம் செய்தும், குழந்தை தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்குக் கலங்கினால் அல்லது மந்தம் நாள்கணக்கில் விலகாமல் தேறுவதைத் தடுத்தால் மட்டும். 2022 வழிகாட்டுதலும் ஹாலோபெரிடாலையோ குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் போன்றவற்றையோ தடுப்புக்காகவும் வழக்கமாகவும் கொடுக்க வேண்டாம் என்கிறது. வேறு எதற்கும் அடங்காத கடும் டெலிரியத்துக்குத்தான். சின்னக் குழந்தைகளுக்கு இவை அனுபவத்தின் பேரில் தரப்படுபவை. டோஸை மூத்த மருத்துவரும் முடிந்தால் குழந்தை மனநல மருத்துவரும் சேர்ந்து எழுதட்டும்.

உங்கள் பங்கு கண்காணிப்பு. முதல் டோஸுக்கு முன் இ.சி.ஜி. எடுத்து க்யூ.டி.சி. (துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூ.டி. இடைவெளி) எழுதுங்கள். டோஸ் ஏறும்போதெல்லாம் மீண்டும். 500 மில்லி வினாடியைத் தாண்டினாலோ முன்பைவிட 60க்கு மேல் கூடினாலோ அடுத்த டோஸைக் கொடுக்காமல் கூப்பிடுங்கள். பொட்டாசியம், மெக்னீசியம் குறைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஒன்டான்செட்ரான், அசித்ரோமைசின் கூட ஓடுகின்றனவா பாருங்கள், அவையும் க்யூ.டி.யை நீட்டும். கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்வது, கண் மேலே செருகிக்கொள்வது, தாடை இறுகுவது மருந்தால் வரும் தசைப்பிடிப்பு. வலிப்பு என்று நினைத்து ஓடுவார்கள். கடும் காய்ச்சலோடு உடம்பு கம்பிபோல் விறைத்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே அழைக்க வேண்டிய அவசரம். மருந்து தொடங்கிய பிறகும் கார்னெல் மதிப்பெண் ஷிஃப்டுக்கு ஒருமுறை தொடர வேண்டும். இறங்கவில்லை என்றால் டோஸை ஏற்றுவதற்கு முன் காரணத்தை மறுபடியும் தேடுங்கள்.

பெற்றோரிடமும், வார்டு மாற்றும்போதும்

"மூளை போயிடுச்சா?" என்பதுதான் அவர்கள் கேட்க நினைக்கும் கேள்வி, கேட்காவிட்டாலும் பதில் சொல்லுங்கள். நோயும் மருந்தும் சேர்ந்து மூளையைத் தற்காலிகமாகக் குழப்பியிருக்கின்றன, பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் சரியானதும் சில நாளில் தெளியும், இன்றைக்கு நன்றாக இருந்து ராத்திரி மீண்டும் குழம்பினாலும் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மாவைப் பார்த்து அலறினாலும், அடித்தாலும் அது வெறுப்பல்ல. மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்றால் லைன் இல்லாத கையில், தளர்வாக, சுத்தமான கயிறு. திருநீறு நெற்றியில் மட்டும், ட்யூப் ப்ளாஸ்டர் பக்கம் வேண்டாம். வாய்க்குள் எதுவும் போகக் கூடாது. இதில் சண்டை போட்டால் நாளைக்கு அந்த அம்மா உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்.

ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றும் தாளில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: கடைசி மூன்று நாள் மதிப்பெண்கள், இறங்கிக்கொண்டிருக்கும் மயக்க மருந்தின் அட்டவணை, மனநல மருந்து ஏதாவது ஓடினால் அதை எந்தத் தேதியில் நிறுத்துவது, யார் நிறுத்துவது. இந்த மூன்றாவதை எழுதாமல் விட்டால் டெலிரியம் தெளிந்து பல வாரம் ஆன பிறகும் குழந்தை வீட்டில் ரிஸ்பெரிடோன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். மருந்துக்கடைக்காரர் அதே சீட்டைப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் போனபின் சில வாரம் ராத்திரி அலறல், அம்மாவை விட்டு நகராமை, சொல்லப் பழகிய பின்னும் படுக்கையில் சிறுநீர், கற்ற சொற்கள் சிலவற்றை மறந்தது போல் இருப்பது வரலாம். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அல்லது முன்பு செய்ததை மீண்டும் செய்யாமலே இருந்தால், வளர்ச்சிப் பரிசோதனைக்கு எந்த ஓ.பி.க்கு, எந்தக் கிழமை வர வேண்டும் என்பதையும் அதே தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.